அம்மோனைட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி: கண்டவர்கள் சொல்லுங்கள்

ஈசூன்:
அம்மோனைட் என்பது சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம். பொன்போல் மின்னும் அம்மோனைட்டுகளில்தான் இந்தப் பொடி அதிகம். அலமாரியில் சில மாதம் சும்மா கிடக்கும். பிறகு அடியில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி, மூக்கருகே கொண்டுபோனால் கந்தக வாடை, கீழே வைத்த அட்டைச் சீட்டு பழுப்பேறி ஓரம் பொரிந்திருக்கும். பூச்சி அரிக்கவில்லை. உள்ளே இருக்கும் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், ஈரக்காற்றில் இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. சல்பேட்டுக்குப் பைரைட்டைவிட அதிக இடம் வேண்டும், அதனால் கல் உள்ளிருந்தே விரிசல் விடும். ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். நம் சிங்கப்பூரில் சராசரியே 80க்கு மேல்!

தண்ணீரில் கழுவவே கூடாது. கையுறை போட்டு, மென்மையான தூரிகையால் பொடியைத் தட்டுங்கள். சீட்டில் உள்ள இடம், பாறை, காலம் எல்லாவற்றையும் புதுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த விவரம் போனால் புதைபடிவம் வெறும் அலங்காரக் கல். பிறகு இறுக மூடும் டப்பாவில், லிட்டருக்கு 50 கிராம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பதமானி. 45க்குக் கீழே நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 110 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும்.

ஜூரோங் வெஸ்ட்:
அண்ணே, வெள்ளைப் பொடி எல்லாமே பைரைட் வேலை அல்ல. பொடியின் மேல் ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர் விட்டு அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளை ஒற்றுங்கள். 3க்குக் கீழே காட்டினால் பைரைட். 7ஐ ஒட்டி நின்றால் பெரும்பாலும் கல்லுக்குள் ஊறிய கடலுப்பு. பைரைட்டே இல்லாத சிப்பி, சோழிகளில் வெள்ளை பூத்தால் அலமாரிப் பலகையைச் சந்தேகியுங்கள். அழுத்தப் பலகை விடும் அமில ஆவி சுண்ணாம்பைத் தின்னும்.

நெயில் பாலிஷ், வார்னிஷ் பூசி மூடுவது வீண். உள்ளே அகப்பட்ட ஈரம் வேலையைத் தொடரும், பூச்சோடு சேர்ந்து கல் உரியும்.

செம்பவாங்:
பூசையறைச் சாளக்கிராமத்தை யாரும் சொல்லவில்லையே. கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கறுப்புக் கல்லுக்குள் இருப்பதும் அம்மோனைட்தான். துளைக்குள் பொன்னிறம் தெரிந்தால் பைரைட் இருக்கலாம். திருமஞ்சனத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் துளைக்குள் துணித்திரி விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் காயவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். ஈரப் பட்டுத் துணியில் சுற்றி மூடுவதுதான் கெடுதல்.

பிடோக்:
ஏர்கானை நம்பாதீர்கள். ஈரப்பதம் இரவில் 55, பகலில் அணைத்ததும் 85 என்று ஏறி இறங்கினால் விரிசல் சீக்கிரம் வரும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் போதும். 40இல் வையுங்கள். ஆனால் யானைத் தந்தம், முழுதாகக் கல்லாகாத எலும்பு இவற்றை அதில் போடாதீர்கள், அவ்வளவு வறட்சியில் அவை பிளக்கும்.