புதுப்பிப்பு: டெபியன் 12, எல்லாம் ஒரே பார்ட்டிஷனில்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆத்தங்குடியில் எங்கள் டைல்ஸ் பட்டறைக் கணினியின் 1 டெராபைட் டிஸ்கில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடும்போது, எல்லாம் ஒரே பார்ட்டிஷனிலா (டிஸ்கின் ஒரு பிரிவு), நம் கோப்புகள் இருக்கும் /ஹோம் தனியாகவா, கணினியின் பதிவுகள் போன்றவை சேரும் /வார், தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் கூடத் தனியாகவா என்று இன்ஸ்டாலர் கேட்ட இடத்தில் நின்றிருந்தேன்.

'ஒன்றே போதும்' என்று காரைக்குடி அண்ணன் சொன்னதுதான் சரிப்பட்டது. எங்களிடம் பெருகிக்கொண்டே போவது டிசைன் படங்கள். பிரித்திருந்தால் ஒரு பக்கம் நிறைந்து வழியும், மறுபக்கம் செட்டிநாட்டு வீட்டு அறை மாதிரி பூட்டிக் கிடக்கும். கணினி கிளம்பத் தேவையான இஎஃப்ஐ, ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் இரண்டையும் இன்ஸ்டாலரே தனியாகப் போட்டுக்கொண்டது. /ஹோம் தனியாக இருந்தால் மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது கோப்புகள் தப்பும் என்பதும் உண்மைதான். ஆனால் டிஸ்கே போனால் எந்தப் பார்ட்டிஷனும் காப்பாற்றாது; வெளி டிஸ்கில் நகல் வைத்திருக்கிறேன்.

எதிர்பாராதது ஒன்று: காலி இடம் ஏறத்தாழ 46 ஜிபி குறைவாகக் காட்டியது. எக்ஸ்ட்4 (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென, அதாவது கணினியின் நிர்வாகிக் கணக்குக்கென, ஒதுக்கிவிடுகிறது. ரூட்டாக நுழைந்து டியூன்2எஃப்எஸ் கட்டளையில் '-எம் 1' (சின்ன எழுத்து) கொடுத்து 1 சதவீதமாக்கினேன். ரீஸ்டார்ட்கூடத் தேவைப்படவில்லை. அப்புறம், ஆசைப்பட்டு 0 வைக்காதீர்கள். டிஸ்க் நிரம்பினால் லாக் (கணினி தானே எழுதும் பதிவு) எழுதக்கூட இடமிருக்காது.