சிம்பை: விடையில் 'ஐ' இருந்தாலே அது கலப்பெண்ணா?

வேதிப்பொறி:
வாயுவோட அழுத்தம், கன அளவு, வெப்பநிலையை இணைக்கிற வாண்டர்வால்ஸ் சமன்பாட்டுல கன அளவைக் கண்டுபிடிக்க, பைத்தான்ல 'சிம்பை'ங்கிற குறியீட்டுக் கணித நூலகத்தை வச்சு நிரல் எழுதுறேன். மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே, ஒரு குறிப்பிட்ட அழுத்த எல்லைக்குள்ள மூணு மெய் மூலங்கள் வரணும். சமன்பாட்டைத் தீர்க்கிற 'சால்வ்' தர்ற விடைகள்ல கற்பனை அலகு 'ஐ' (√−1) இருக்கான்னு 'ஹேஸ்(ஐ)' வச்சுப் பார்த்து, இருந்தா தள்ளிடுது நிரல். மூணுமே தள்ளுபடியாகுது! க³ − 3க + 1 = 0 போட்டாலும் இதே கதைதான். வரைபடத்துல கோடு அச்சை மூணு இடத்துல வெட்டுறது நல்லாவே தெரியுது. எதை வச்சு வடிகட்டணும்?

மும்மடி:
'ஹேஸ்' எழுத்தைத்தான் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. உங்க உதாரணத்தோட மூலங்கள் தோராயமா 1.532, 0.347, −1.879, மூணும் மெய். ஆனா மூலக்குறி (√, ∛) போட்டு எழுதணும்னா 'ஐ' இல்லாம முடியாது. இது சிம்பையோட குறை இல்லீங்க, கணிதமே அப்படி. 1572-லேயே இத்தாலியக் கணிதர் பொம்பெல்லி இந்த மாதிரி கோவையோட மல்லுக்கட்டி, கற்பனைப் பகுதிகள் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு 4-ங்கிற மெய்யெண் வர்றதைக் காட்டினார். முப்படிச் சமன்பாட்டோட கெழுக்கள் விகிதமுறு எண்களா இருந்து, மூணு மெய் மூலமும் விகிதமுறா எண்ணா இருந்தா 'ஐ'யைத் தவிர்க்கவே முடியாதுன்னு 1843-ல பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் நிறுவினார். எனக்கு இயற்கணிதத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

அதனால 'சால்வ்' வேண்டாம், மெய் மூலங்களை மட்டும் தர்ற 'ரியல்_ரூட்ஸ்' போடுங்க. கெழுக்களைத் தசமமா விடாம 'ரேஷனல்' (துல்லியமான பின்னம்) ஆக்கிக் கொடுங்க.

குறியீட்டுக்காரி:
இதோட மறுபக்கமும் இருக்கு. (−1)-ஐ 1/3 அடுக்குக்கு உயர்த்திப் பாருங்க. சிம்பை அதை அப்படியே வச்சிருக்கும், 'ஐ' கண்ணுக்கே தெரியாது, 'ஹேஸ்' இல்லைன்னு சொல்லும். ஆனா அதோட மதிப்பு 1/2 + (√3/2)ஐ. −1 இல்லை!

மெய்யெண்ணான்னு 'ஈஸ்_ரியல்' கேட்டா மதிப்பைப் பத்திதான் பேசும், ஆனா மூணு விதமா: ட்ரூ, ஃபால்ஸ், நன். நன்னுனா 'முடிவு பண்ண முடியலை'. 'நாட்' போட்டு எழுதினா நன்னும் ஃபால்ஸும் ஒண்ணாயிடும். 'ஈஸ் ஃபால்ஸ்'னு தனியா எழுதுங்க. 'ஈஸ்_காம்ப்ளக்ஸ்' உதவாது, மெய்யெண்ணுக்கும் ட்ரூதான். எண் மதிப்பு மட்டும் போதும்னா, அதைத் தசமத்துல கணக்கிடுற 'ஈவால்எஃப்'ல 'சாப்' சேர்த்தா, கணக்குப் பிழையில ஒட்டியிருக்கிற பூஜ்ஜியத்துக்குப் பக்கமான கற்பனைப் பகுதி உதிர்ந்துடும்.

வேதிப்பொறி:
ரேஷனல் ஆக்கி 'ரியல்_ரூட்ஸ்' போட்டதும் மூணும் ஏறுவரிசையில வந்துடுச்சு. முதல் மூலம் திரவம், கடைசி வாயு. நடுவுல இருக்கிறது நிலையற்ற நிலை, அதை எடுத்துக்கலை. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.