எசேக்கியாவின் சாலகத்தில் நாற்பது நிமிடம்

வேதாகம ஸ்தலங்களுக்குப் போய்வந்தவர்கள் எந்த இடத்தில் கண்ணீர் வந்தது என்றுதான் முதலில் சொல்வார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகள் பாசன வாய்க்கால்களோடு மல்லுக்கட்டியவனுக்கு அதுதான் வரும்.

2019 நவம்பரில் முப்பத்தோரு பேர் எருசலேமுக்குப் போனோம். சுற்றுலா இல்லை, படிப்புப் பயணம் என்று போதகர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஆறு மாதம் சனிக்கிழமை வகுப்பு. 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரை மூன்றே அதிகாரங்கள். கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். எருசலேமில் யூதாவின் அரசன் எசேக்கியா ஊற்றுகளை அடைத்து, கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்துக்குள் திருப்புகிறான். அதற்காக வெட்டிய சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. நம் வேதாகமம் அதைச் சாலகம் என்கிறது. வகுப்பில் எனக்குப் பிடித்துப்போன சொல் அது.

கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு இறங்கினேன். பயனில்லை. ஊற்றருகே தொடை வரை தண்ணீர், அதுவும் சில்லென்று. பல இடங்களில் அகலம் இரண்டடிதான் இருக்கும். தோள் இரண்டும் பாறையில் உரச, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். யாரோ பின்னால் பாமாலை பாடத் தொடங்கினார்கள். எனக்கு மனம் அதில் இல்லை. 533 மீட்டர் நீளத்துக்கு மொத்தச் சரிவு சுமார் 30 சென்டிமீட்டர். அதாவது ஏறக்குறைய 1,800 அடிக்கு ஓர் அடி. மட்டக்கருவி வைத்துக்கொண்டே நாங்கள் கோட்டைவிட்ட வாய்க்கால்கள் உண்டு. இவர்கள் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். நேராக வெட்டியிருந்தால் 320 மீட்டரில் முடிந்திருக்கும். ஏன் இப்படி வளைந்து வளைந்து போனார்கள்? பாறையின் இயற்கை விரிசலைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது ஒரு கட்சி, மேலே தரையில் தட்டிய சத்தத்தைக் கேட்டுத் திசை பிடித்தார்கள் என்பது இன்னொரு கட்சி. நடந்து பார்த்த பிறகு நான் இரண்டாவது கட்சி.

பாதி வழியில் சுவரைத் தடவிக்கொண்டே போனபோது உளிக்குறிகள் சட்டென்று எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கின. அங்கேயே நின்றுவிட்டேன்.

“என்ன ஐயா, மூச்சு முட்டுகிறதா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“இல்லையம்மா, இங்கேதான் சந்தித்திருக்கிறார்கள்.”

சுரங்கம் முடிகிற சீலோவாம் குளத்து முனைக்கு அருகே ஒரு கல்வெட்டு இருந்தது. மூன்று முழம் மிச்சமிருந்தபோது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது, கோடரிக்கு எதிர் கோடரியாக வெட்டிச் சேர்ந்தார்கள், தண்ணீர் ஓடியது என்பது அதன் செய்தி. எஞ்சியிருக்கும் எழுத்தில் அரசன் பெயர் இல்லை, கடவுள் பெயரும் இல்லை. போதகருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. கல் இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அந்த மூன்று முழம் வருகிற வரி தெளிவாகத் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

*

“மூச்சு முட்டுகிறதா?” என்று சுரங்கத்தில் கேட்டவள் நான்தான். ஐயா ரசித்துக்கொண்டு நின்றது ஐந்து நிமிடம். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர், முன்னால் ஐயாவின் முதுகு, தலைக்கு மேல் பாறை. வகுப்பெடுக்கிற இடமா அது?

வெளியே வந்ததும் குளம். யோவான் 9இல் பிறவிக்குருடன் கண் கழுவிய சீலோவாம் என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டேன். இது சில நூற்றாண்டு பிந்திய பைசாந்தியர் காலத்துக் குளம், இயேசு காலத்துக் குளத்தின் படிகள் 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போதுதான் சற்றுக் கீழே வெளிப்பட்டன என்று போதகர் அதன் பிறகு சொல்கிறார். முன்னமே சொல்லியிருக்கலாம்.

எனக்கு மனதில் நின்றது வேறு. பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் சில்வான் தெருவில் ஒரு பாலஸ்தீனப் பெரியவர் புதினா போட்ட தேநீர் கொடுத்தார். தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கீழே தோண்டத் தோண்ட மேலே விரிகிறது என்றார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் கீழே பார்த்துவிட்டு வந்த எதைப் பற்றியும் அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

*

நான் போனது வேறொரு குழுவோடு, ஆகஸ்ட் வெயிலில். சனகெரிப் பிடித்த யூதா பட்டணமான லாகீஸைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்றுதான் இது. சனகெரிப்பின் படை மதிலேற மண்ணும் கல்லும் கொட்டிய மேடு தென்மேற்கு மூலையில் இன்னும் கிடக்கிறது. அதில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. கவசமும் கேடயமுமாக, மேலேயிருந்து கல்லும் தீயும் விழ ஏறியவர்களை நினைத்துக்கொண்டேன். அந்தக் காட்சியை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தார்கள். இப்போது அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்.

எங்கள் குழுவில் அதிகம் படம் எடுக்கப்பட்டது என்னவோ பட்டணத்து நுழைவாயிலான ஒலிமுகவாசலில் கிடைத்த கழிப்பறைக் கல்தான்! 2016இல் அறிவித்த கண்டுபிடிப்பு. வாசல் அறையிலிருந்த வழிபாட்டிடத்தைத் தீட்டுப்படுத்தவே அதை அங்கே வைத்தார்கள், யாரும் பயன்படுத்தவில்லை என்கிறார்கள் அகழ்ந்தவர்கள். எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை.

*

பொறியாளர் ஐயாவுக்கு: அந்தக் கல்வெட்டை இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். சபைக் குழுவோடு அல்ல, வேலையாகப் போன இடத்தில் அரை நாள் கிடைத்தது. 1880இல் தண்ணீரில் விளையாடிய ஒரு பையன் கண்ணில் பட்ட எழுத்து அது. பத்தாண்டுகள் கழித்துத் திருட்டுத்தனமாகப் பெயர்த்தபோது உடைந்தது. எருசலேம் அன்று ஒட்டோமான் ஆட்சியில் இருந்ததால் மீட்ட கல் இங்கே வந்துவிட்டது.

ஆறே வரிகள். நீங்கள் கேட்டது இரண்டாவது வரி. மூன்று முழம் என்பது இருக்கிறது. குரல் என்பதும் இருக்கிறது. நடுவில் ‘கேட்டது’ என்ற சொல் வரும் இடத்தில் கல் சிதைந்து, கடைசி எழுத்து மட்டும் நிற்கிறது. மற்றதை அறிஞர்கள் அடைப்புக்குறிக்குள் நிரப்பிக்கொள்கிறார்கள். படம் எடுத்தேன், கண்ணாடியில் என் முகம்தான் விழுந்திருக்கிறது.