வூட்பிரிட்ஜில் வீடு பார்க்கப் போன ஆக்கள்: பக்கத்து வீட்டு அம்மா உங்களிட்டையும் இப்பிடிக் கேட்டவவோ?

மீசாலை மைந்தன்

வேலை ஹைவே 7, பைன் வலி பக்கம் மாறிப்போச்சு. எங்கட சனம் கனக்க இருக்கிற ஸ்காபரோவில, மோர்னிங்சைட்டில இருந்து காலமை 401 ஹைவே எடுக்கிற ஆக்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. காசு கட்டுற 407இல போனா உழைக்கிறது ரோட்டுக்கே சரி. அதால வீட்டை மாத்துவம் எண்டு முடிவு. இத்தாலியன் சனம் இருக்கிற இடம் துப்புரவா இருக்கும், பிள்ளையளுக்கும் பயமில்லை எண்டு மனுசி சொல்ல, ரொறன்ரோவுக்கு வடக்கால, வோகன் நகரத்துக்குள்ள கிடக்கிற வூட்பிரிட்ஜைப் பாக்க வெளிக்கிட்டம்.

மார்ட்டின் குறோவ் பக்கம் ஒரு வீடு. 80களில கட்டினது, செங்கல், வளைவு வைச்ச விறாந்தை, வாசலில ரெண்டு கொங்கிறீற் சிங்கம். அந்தப் பக்கம் போன ஆக்களுக்கு விளங்கும். உள்ளுக்க பாத்து முடிச்சு ட்ரைவ்வேயில ஏஜென்ற்றோட நிக்கேக்க, பக்கத்து வளவில கறுத்தச் சட்டை போட்ட வயசான அம்மா ஒராள், இடுப்பில வடிசட்டி, அது நிறைய போஞ்சிக்காய். வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "எத்தனை பேர்?" எண்டா.

நாலு பேர் எண்டன்.

"கீழ?"

கீழ எண்டா பேஸ்மென்ற். வாடகைக்கு விடப் போறியோ எண்டு கேக்கிறா. நான் வாய் திறக்க முதல் மனுசியின்ர முகத்தைப் பாத்தா, பிறகு எங்கட காரைப் பாத்தா. கை மட்டும் நிக்கேல்லை, போஞ்சியை முறிச்சு முறிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தா. ஏஜென்ற் ஏதோ சொல்லிச் சிரிச்சுச் சமாளிச்சுப்போட்டான்.

வீடு நல்ல வீடு. ஆனா அந்த "கீழ?" இன்னும் மண்டைக்குள்ள நிக்குது. நிறத்தைப் பாத்துக் கேட்டதோ, எல்லாரிட்டையும் கேக்கிறதோ? அங்க இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ. விலை, வட்டி பற்றி வேண்டாம், அது எனக்குத் தெரியும்.

ஊர்க்குருவி

இதில யோசிக்க என்ன கிடக்கு? நிறம்தான்.

நான் அங்க லாங்ஸ்ராஃப், வெஸ்ற்றன் ரோட்டுப் பக்கம் ஒரு ஓபன் ஹவுஸுக்குப் போனனான். வாசலில சப்பாத்தைக் கழட்டிக்கொண்டிருக்கேக்க, முன்வீட்டு மனுசன் புல்லு வெட்டுற மெஷினை நிப்பாட்டிப்போட்டு ரோட்டைக் கடந்து வந்து, "ஸ்காபரோவோ?" எண்டு கேட்டான். வணக்கமில்லை, ஒண்டுமில்லை. எனக்கு முன்னால போன வெள்ளைச் சோடியிட்ட அவன் வரேல்லை, அந்த நேரம் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்திட்டன். இப்ப ரொறன்ரோவுக்குக் கிழக்கால ஏஜக்ஸில இருக்கிறன், வேலைக்குத் தூரம்தான், பரவாயில்லை.

பொன்னி அக்கா

ஊர்க்குருவித் தம்பி, ஒரு மனுசன் ரோட்டைக் கடந்ததுக்கு ஒரு ஊரையே தூக்கி எறியாதையும். நாங்கள் 2004இல இருந்து வூட்பிரிட்ஜில இருக்கிறம். 2016 குடிசன மதிப்பீட்டிலயே வோகன் ஆக்களில பத்துக்கு மூண்டு பேர் இத்தாலிய வழி. எங்கட தெருவில அதை விடக் கூட. எல்லாரும் கேள்வி கேக்கிற ஆக்கள்தான். என்ர மகளுக்கு ஏன் இன்னும் கலியாணம் சரிவரேல்லை எண்டு எங்கட சொந்தக்காரரை விட எதிர்வீட்டு மரியா அம்மாதான் கூடக் கேட்டது.

2009 ஓகஸ்ட் 20 சூறாவளி ஞாபகம் இருக்கோ? எங்கட கூரையில ஒரு பக்கம் போட்டுது. இவர் வேலையில, கறன்ட் இல்லை, மழை வேற. நான் மேல் அறைக்குள்ள வாளி வைச்சுக்கொண்டு நிக்கிறன், வெளியில ஆரோ ஏணி சாத்துற சத்தம். பக்கத்து வீட்டு மனுசன், எழுபது தாண்டின ஆள், நீலத் தார்ப்பாயைத் தோளில போட்டுக்கொண்டு ஏறுறார். கேக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கொன்ஸ்ட்ரக்ஷனில கிடந்து வளர்ந்த ஆள், நின்ற நிலையில ஆணி அடிச்சு முடிச்சிட்டார். எனக்கு இண்டைக்கும் நெஞ்சுக்க நிக்கிறது அது இல்லை. அடுத்த நாள் வந்து, விழுந்த செங்கலை இவர் அடுக்கினதைப் பாத்து, பிழை எண்டு முழுக்கக் கலைச்சுப்போட்டுத் திருப்பி அடுக்கினவர். இவருக்கு வந்த கோவம்! ரெண்டு பேரும் ஒரு மாதம் கதைக்கேல்லை.

மைந்தன் தம்பி, அவையளுக்கு பேஸ்மென்ற் எண்டா ரெண்டாவது குசினி. மேல் குசினி பாத்தாலும் பாக்காட்டியும் பளபளவெண்டு இருக்கும், சமையல் முழுக்கக் கீழதான். அதால "கீழ?" எண்டது நீங்கள் நினைக்கிற அர்த்தமா இல்லாமலும் இருக்கலாம்.

கோப்பி கடை சண்முகம்

நான் 88இல வந்தனான். எங்கட ஆக்கள் கனபேர் மாதிரி முதல் வேலை கோப்பை கழுவல், பிறகு சலாட், பிறகு அடுப்பு. கொர்சோ இத்தாலியாவில, அதுதான் சென்ற் கிளேயர் வெஸ்ற்றில, ஒரு ரெஸ்ரோரன்ற். செஃப் தெற்கு இத்தாலி, கலாப்ரியாக்காரன். 94 உலகக் கிண்ண ஃபுட்போல் ஃபைனலில இத்தாலியின்ர பாஜ்ஜியோ பெனால்ற்றியை மேலால அடிச்ச அண்டைக்கு செஃப் பின்கதவுக்கு வெளிய போய்க் குந்தினவர், இரவுச் சாப்பாடு முழுக்க நான்தான் போட்டது. அந்தக் குசினியில அவையின்ர ஊர்ப் பாஷை காதில விழுந்து விழுந்து எனக்கு விளங்கும். கதைக்கத்தான் வராது.

பிறகு வேலை வூட்பிரிட்ஜ் பக்கம் வெஸ்ற்றன் ரோட்டுக்கு மாற, அங்க வீடு பாத்தம். ஒரு வீட்டில விக்கிற அம்மாவே நிண்டவ, ஏஜென்ற் சொல்லியும் வெளிய போகேல்லை. என்ன வேலை எண்டு கேட்டா. குக் எண்டன். நம்பேல்லை. "கார்பொனாராப் பாஸ்தாவுக்குக் கிறீம் போடுவியோ?" எண்டா. கிறீமோ? முட்டை, பெக்கொரீனோச் சீஸ், பன்றிக் கன்னம், மிளகு, அவ்வளவுதான் எண்டன். அம்மா கதிரையில இருந்திட்டா. பிறகு என்ர கையைப் பிடிச்சுக் கீழ கூட்டிக்கொண்டு போய்ப் பழைய காஸ் அடுப்பு, தக்காளிப் போத்தில் அடுக்கின குளிர் அறை, மேல் கொழுவின சொசேஜ் கம்பி எல்லாம் காட்டினா.

மேல வந்து மகனிட்டத் தங்கட பாஷையில, "இந்த மனுசனுக்குக் குடு" எண்டா. மகன், "அம்மா, ஆர் கூடக் காசு தாறானோ அவனுக்கு" எண்டான். எனக்கு விளங்காது எண்டு நினைச்சு என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டே சொன்னான்.

வேற ஆரோ கூடக் கேட்டு எடுத்திட்டினம். மகன் சொன்னதில பிழை இல்லை, நானும் அப்பிடித்தான் வித்திருப்பன். ஆனா அந்தச் சிரிப்பு!

கராஜ்காரன்

எல்லாரும் கதை சொல்லுறியள், ஒருத்தரும் வீட்டைப் பற்றிச் சொல்லேல்லை. என்ர கதை சின்னது: நாங்கள் வாங்கின வீட்டில குளிர் அறைச் சுவரில வெள்ளைத் தூள், பூஞ்சணம் எண்டு பயந்தம், பாத்தா சீமெந்துக்குள்ள இருந்து வாற உப்பு. முடிஞ்சுது. இப்ப மைந்தன் கவனமா வாசியும்.

முதல் குளிர் அறை. விறாந்தைக்குக் கீழதான் இருக்கும், மேல் கொங்கிறீற் பலகையே அதின்ர கூரை. வெளிச்சுவரில காத்து ஓட்டை இருக்கும். குளிர் வருதெண்டு அதைப் பஞ்சு வைச்சு அடைச்சிருந்தா ஈரம் உள்ளுக்க நிண்டு உண்மையாவே பூஞ்சணம் பிடிக்கும். விறாந்தை ஓட்டில வெடிப்பு இருந்தா தண்ணி நேர கீழதான் வரும். சிங்கத்தைப் பாத்துக்கொண்டு நிக்காமல் அந்த வெடிப்பைப் பாரும்.

ரெண்டாவது, கீழ் குசினிக்கு காஸ் குழாய் ஆர் இழுத்தது, பெர்மிற் இருக்கோ எண்டு கேளும். கனபேர் ஞாயிற்றுக்கிழமை மச்சானை வைச்சுச் செய்தது. அதோட, கீழ் குசினி இருக்கிறதால அது வாடகை வீடு ஆகாது. ஒன்ராறியோ மாகாணம் 2022இல சட்டத்தை மாத்தி, நகரத் தண்ணியும் கழிவுக் குழாயும் உள்ள குடியிருப்புக் காணியில மூண்டு வீடு வரைக்கும் விட்டிருக்கு. ஆனா கட்டட பெர்மிற்றும் தீ விதியும் அப்பிடியே இருக்கு. பக்கத்து வீட்டு அம்மா கேட்டது இருக்கட்டும், இன்சூரன்ஸ்காரன் கேட்டா என்ன சொல்லுவீர்? 80கள் வீடு எண்டா சாம்பல் நிறப் பொலிபியூட்டிலின் பிளாஸ்டிக் தண்ணிக் குழாய் இருக்கோ எண்டும் பாரும், சில கொம்பனி அதுக்கு முகம் சுழிக்கும்.

மூண்டாவது, ஹம்பர் ஆறு. பழைய வூட்பிரிட்ஜ், இஸ்லிங்டனுக்குக் கீழ பள்ளத்தில கிடக்கிற பக்கம், 1954 ஒக்ரோபர் ஹேசல் சூறாவளியில வெள்ளம் புகுந்து ஆக்கள் செத்த இடம். அதில ஒன்ராறியோ முழுக்க 81 பேர் போனவை. ஆற்றோரக் காணிக்கு, ஆறும் வெள்ளமும் பாக்கிற அதிகாரசபை டிஆர்சிஏ படம் வைச்சிருக்கு. அந்தக் கோட்டுக்குள்ள காணி விழுந்தா ஒரு டெக் கட்டவும் அனுமதி கேக்க வேணும்.

நாலாவது, கொங்கோர்ட் பக்கம் மலிவெண்டு போகாதையும். அங்க சிஎன் ரயில் கொம்பனியின்ர மக்மிலன் யார்ட், ரயில் பெட்டியள் கொழுவிற சத்தம் சாமத்திலதான் தெரியும். பகலில வீடு பாத்து என்ன பிரயோசனம், இரவு பதினொண்டுக்குப் போய்க் காரை நிப்பாட்டி ஜன்னலைத் திறந்து கேளும்.

பின்வளவில அத்திமரம் இருந்தா விக்கிற ஆளிட்டக் குளிருக்கு எப்பிடிப் புதைக்கிறது எண்டு கேட்டு வையும். ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைச் சரிச்சுக் குழியில கிடத்தி, பலகையும் இலையும் மண்ணும் போட்டு மூடி, ஏப்ரலில எடுக்கிறது. விட்டா மேல் பக்கம் முழுக்கச் செத்திடும்.

கோவை கார்த்தி

அண்ணா, வீடு பத்தி இவ்வளவு எழுதுனீங்க, ஸ்கூல் பத்தி யாருமே சொல்லலையே.

என் ஆஃபீஸ் வோகன் மெட்ரோபாலிட்டன் சென்டர் ஸ்டேஷன் பக்கம். 2017 டிசம்பர்ல சப்வே அங்க வரைக்கும் வந்துடுச்சு. வீட்டுக்காரம்மா டவுன்டவுனுக்கு அதுல போறாங்க, எனக்கு கார்ல கொஞ்ச தூரம்தான். அதனாலதான் வூட்பிரிட்ஜ் எடுத்தோம். கோயிலுக்கு ரிச்மண்ட் ஹில் பிள்ளையார், மளிகைக்கு அல்பியன் ரோடு. முருங்கைக்காய்க்கு மட்டும் கொஞ்சம் அலையணும்.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசில பக்கத்து வீட்டு கராஜ்ல தக்காளி நாள். கூடை கூடையா ரோமா தக்காளி, மெஷின்ல தோல் வேற சாறு வேற, வெளிய டிரம்ல பாட்டில் கொதிக்குது. நம்ம ஊர்ல வடகம் புழியற நாள் மாதிரியேதான், திட்டுகூட அதே திட்டு. பாட்டிலுக்கு ஒரு துளசி இலை போடறது என் வேலை. அது அவங்க பேசில் துளசி, நம்மளுது இல்ல. எங்க மாமியார் ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. உப்பு பத்தலைன்னு தமிழ்ல அவங்க சொல்ல, போடவே கூடாதுன்னு இத்தாலியன்ல அந்தம்மா சொல்ல, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இலையோட நின்னேன்.

அப்ப பேச்சு வாக்குல பையனை தெருமுனை கத்தோலிக்க ஸ்கூல்ல சேக்கணும்னு ஆசைன்னு சொன்னேன். எலிமெண்டரிக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் கேப்பாங்க, ஹைஸ்கூல்னா தேவையில்லைன்னு அவங்க பொண்ணு விளக்குச்சு. அந்தம்மா கையைத் துடைச்சுட்டு நிமிர்ந்து, "அதுக்கென்ன, ஞானஸ்நானம் குடுத்துடலாம், நான் காட்மதர்"னு சொன்னாங்க. தமாஷுக்கு இல்ல, நிஜமாவே. ஃபாதர்கிட்ட பேசவா, வர்ற ஞாயிறு ஓகேவான்னு தேதி வரைக்கும் போயிட்டாங்க. மாமியார் "என்ன சொல்றாங்க?"ன்னு கேக்கறாங்க. நான் உப்பு பத்திதான்னு சொல்லிட்டேன்.

இன்னைக்கு வரைக்கும் அதை அன்புன்னு எடுத்துக்கறதா, என்ன தைரியம்னு கோவப்படறதான்னு எனக்குப் புரியல. பையன் பப்ளிக் ஸ்கூல்லதான் படிக்கறான். அவங்க இன்னும் பாட்டில் அனுப்பறாங்க.

ஊர்க்குருவி

பொன்னி அக்கா, தார்ப்பாய் போட்ட மனுசனுக்கு ஒரு கும்பிடு. ஆனா நான் சொன்னதுக்கு நீங்கள் பதில் சொல்லேல்லை. இதே இத்தாலியன் சனம் 50கள், 60களில ரொறன்ரோ கொலிஜ் ஸ்ரீற்றில வந்து இறங்கேக்க ஒரு வீட்டில மூண்டு நாலு குடும்பம் இருந்தவை. பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டுத்தான் வீட்டுக்கடன் கட்டினவை. 1960இல ரொறன்ரோ ஹொக்ஸ் ஹொலோவில தண்ணிக்குழாய்ச் சுரங்கத்தில அஞ்சு இத்தாலியத் தொழிலாளர் செத்த பிறகுதான் இந்த மாகாணம் வேலைப் பாதுகாப்பைப் பற்றி ஒழுங்கா யோசிச்சது. அவ்வளவு பட்ட சனம், "கீழ ஆர்?" எண்டு எங்களிட்டக் கேக்கலாமோ?

பேஸ்மென்ற்றை அவையள் விட்டா உழைப்பு, நாங்கள் விட்டா தெரு நாறுதாம்.

பொன்னி அக்கா

தம்பி, நீர் சொல்லுறதும் சரிதான். நான் மறுக்கேல்லை. ஆனா உம்மட ஏஜக்ஸ் தெருவில போன மாதம் ஒரு வீட்டில ஆறு கார் நிக்குதெண்டு இங்கயே முறைப்பாடு எழுதினது ஆர்?

ஊர்க்குருவி

அது வேற.

மீசாலை மைந்தன்

எல்லாருக்கும் நன்றி. கராஜ்காரன் அண்ணை, திரும்பப் போய்ப் பாத்தன், குளிர் அறைக் காத்து ஓட்டை அடைச்சுத்தான் கிடக்கு, பழைய சொக்ஸ் வைச்சு. அந்த அம்மா வெளியில நிண்டவ. இந்த முறை நான் முந்திக்கொண்டு, கீழ என்ர மாமா மாமி இருப்பினம் எண்டன். தலையை ஆட்டினா. அது சரி எண்டு ஆட்டினதோ, பொய் சொல்லுறான் எண்டு ஆட்டினதோ தெரியாது. மனுசிக்கு முகம் தெளியேல்லை. ஒவ்வொரு நாளும் ட்ரைவ்வேயில வைச்சு விளக்கம் சொல்ல ஏலாது எண்டுறா.

வியாழன் ஓஃபர் குடுக்கிற கடைசி நாள். அவ இப்ப மேப்பிளைப் பாப்பம் எண்டுறா. அங்கயும் இத்தாலியன் ஆக்கள் கனக்க, டவுன்டவுன் போற கோ ட்ரெயினும் இருக்கு, 400ஆல இறங்கினா எனக்கும் கிட்டத்தான். மேப்பிளில இருக்கிற ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?

கராஜ்காரன்

மேப்பிள் எண்டா முதல் கீல் வலி குப்பைமேடு எங்க கிடக்குதெண்டு படத்தில பாரும். 2002இல மூடினது, ஆனா மூடினதும் முடிஞ்சதும் ஒண்டில்லை. பொறும், சாப்பிட்டிட்டு வந்து விரிவா எழுதுறன்.