மறு: இழைமணி உட்சவ்வுத் துளைக்குச் சுருக்கமான சொல்

> கால்சியம் மிகும்போது இதயத்தசை இழைமணிகளின் (மைட்டோகாண்ட்ரியா) உட்சவ்வில் திறப்பதை ‘ஊடுருவுதன்மை நிலைமாற்றத் துளை’ என்று எழுதிவருகிறேன். ஒரே பத்தியில் ஆறு முறை வருகிறது. படிப்பவருக்கு மூச்சு முட்டும். ‘பெருந்துளை’ போதுமா? ‘அயனித்தடம்’ போலப் ‘பெருந்தடம்’ எனலாமா?

வணக்கம் ஐயா.

தடம் வேண்டாம். அயனித்தடம் ஆள் பார்த்து விடும். இதுவோ மூலக்கூறு எடை சுமார் 1,500 டால்டனுக்குக் கீழே உள்ள எது வந்தாலும் விட்டுவிடும். பெருந்துளை என்றால் எந்நேரமும் திறந்தே கிடப்பதுபோல் ஒலிக்கிறது. நலமான இதயத்தில் இது பெரும்பாலும் மூடியே இருக்கும். இதய நாளம் அடைபட்டிருக்கும்போதும் செல்லில் தேங்கிய அமிலம் இதைத் திறக்கவிடாது. அடைப்பை நீக்கி இரத்தம் மறுபடி பாயும் முதல் சில நிமிடங்களில்தான் ஆபத்து. அமிலம் கழுவிப்போய் பி.எச். 7-க்கு மேல் ஏறும். இழைமணிக்குள் கால்சியம் குவியும். திறந்ததும் உட்சவ்வின் குறுக்கே இருந்த சுமார் 180 மில்லிவோல்ட் மின்னழுத்தம் சரிந்துவிடும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைத் தயாரித்துவந்த நொதியே தலைகீழாகச் சுழன்று ஏ.டி.பி.யைத் தின்னும். நீர் புகுந்து உப்பி, வெளிச்சவ்வு கிழியும்.

என் பரிந்துரை: மடை. ஏரி மடையும் மூடித்தான் இருக்கும். திறந்தால் நீரோடு மீன்குஞ்சு, பாசி எல்லாம் போகும். திரும்ப மூடவும் முடியும். முன்மடலில் ஒருவர் சொன்ன ‘சவ்வுடைப்பு’ என்ற பெயர், திரும்ப மூடும் இந்தக் கடைசி இடத்தில்தான் தவறுகிறது. கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் ஈ.ஜி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொண்டு அதைப் பிடித்துவிட்டால் சவ்வு பழைய நிலைக்குத் திரும்பும் என்பதை 1979-லேயே ஹாவர்த்தும் ஹன்டரும் காட்டிவிட்டார்கள். உடைந்த கரை அப்படித் திரும்பாது. மடை எந்தப் புரதத்தால் ஆனது என்ற வழக்கும் தீரவில்லை. ஆகவே பெயரில் புரதத்தை நுழைக்காதிருப்பதே நல்லது.

சொல் தாங்குமா என்பது செய்முறைத் தாளில் எழுதினால் தெரிந்துவிடும்:

“இழைமணிகளைக் குளிரிலேயே பிரித்தெடுக்கவும். கடைசிக் கழுவலில் ஈ.ஜி.டி.ஏ. கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை 5 மைக்ரோமோலார் கால்சியம் இடவும். ஒவ்வொரு முறையும் கரைசலில் உள்ள, கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தின் ஒளிர்வு எழும்பி, இழைமணிகள் உறிஞ்சியதும் தணியும். தணியாமல் ஏறிக்கொண்டே போனால் மடை திறந்துவிட்டது. அதுவரை இட்ட மொத்தத்தை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை நானோமோல் என்று கணக்கிட்டால் அதுவே கால்சியத் தாங்களவு.”

ஈ.ஜி.டி.ஏ. மிச்சமிருந்தால் முதல் சில சொட்டுகளை அதுவே விழுங்கிவிடும். தாங்களவு பொய்யாகக் கூடித் தெரியும். கரைசலில் மக்னீசியம் இருந்தாலும் மடை தாமதமாகத்தான் திறக்கும். 540 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி உப்பலை அளப்பவர்களுக்கு ஒன்று: மடை திறந்தால் ஒளி மறைப்பின் அளவீடு குறையும். உப்பிய இழைமணி ஒளியைக் குறைவாகவே சிதறடிக்கும்.

*

மடை நன்று. ‘துளை திறந்தே கிடக்கும்’ என்ற வாதம் மட்டும் நிற்காது. இலைத்துளை திறந்து மூடவில்லையா? மடைப்பள்ளியை நினைத்துச் சிரிப்பவர்களும் வருவார்கள், வரட்டும்.

வரைவுப் பட்டியலில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்துக்கு ‘மடையடைப்பான்’ என்றிருப்பதை மாற்ற வேண்டும். அது மடையை அடைப்பதில்லை. சைக்ளோஃபிலின் டி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, திறக்கத் தேவையான கால்சிய அளவை உயர்த்துகிறது, அவ்வளவே. அந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளிலும் கால்சியத்தை மேலும் கூட்டினால் மடை திறப்பதை 2005-இல் பார்த்தார்கள். மருத்துவத்திலும் கதை அதுதான்: 2008-இல் 58 மாரடைப்பு நோயாளிகளிடம் செய்த சோதனையில் சேதம் குறைந்தது, 2015-இல் வெளியான 970 பேர் சோதனையில் பலன் தெரியவில்லை. ‘அடைப்பான்’ என்று எழுதினால் மருந்துக்கு இல்லாத வலிமையைக் கொடுத்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, இதயம் பற்றிய கட்டுரையில் ‘அடைப்பு’ என்றாலே நாள அடைப்புதான். மடையிறுக்கி என்று வைக்கலாமா? இறுக்கிய மடை, அழுத்தம் போதுமானால் திறக்கும்.

*

மடையிறுக்கி சரி, என் ‘அடைப்பான்’ போகட்டும். இலைத்துளையும் நியாயம்தான். முதலில் வருமிடத்தில் மட்டும் நீள்வடிவம், பிறகு மடை, மடைத்திறப்பு, மடையிறுக்கி. இரத்தம் மறுபடி பாய்வதால் வரும் சேதத்துக்கான ‘மறுபாய்ச்சல் ஊறு’ தனி மடலில் வரட்டும்; ‘காயம்’ என்றால் வெட்டுக்காயம்போல் இருக்கிறது.