மேக்னடார் அவுட்பர்ஸ்ட்: "கொந்தளிப்பு" என்றால் என்ன குறை?

வணக்கம். மேக்னடார் (மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) பற்றித் தமிழில் எழுத, பர்ஸ்ட், அவுட்பர்ஸ்ட் போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> பர்ஸ்ட், அவுட்பர்ஸ்ட் இரண்டுக்கும் "வெடிப்பு" போதுமே?

போதாது என்பது என் கருத்து. எஸ்ஜிஆர் 1935+2154 மேக்னடாரையே பாருங்கள். 2020 ஏப்ரல் 28 அன்று நைசர் என்னும் எக்ஸ் கதிர் தொலைநோக்கி சுமார் 20 நிமிடத்தில் அதிலிருந்து 200-க்கும் மேற்பட்ட பர்ஸ்டுகளைப் பதிவு செய்தது. பெரும்பாலானவை ஒரு நொடிகூட நீடிக்காதவை. அவை ஓய்ந்த பிறகும் விண்மீனின் எக்ஸ் கதிர் ஒளிர்வு உடனே பழைய நிலைக்கு வரவில்லை. நாள்கணக்கில் மெல்லத் தணிந்தது. அந்த முழுக் காலமும்தான் அவுட்பர்ஸ்ட். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் "வெடிப்பின்போது வெடிப்புகள்" என்றுதான் எழுத வேண்டிவரும்.

அதனால் அவுட்பர்ஸ்டுக்குக் "கொந்தளிப்பு". கடல் மாதிரி எழும், நீடிக்கும், அப்புறம் அடங்கும். பர்ஸ்டுக்கு வெடிப்பே இருக்கட்டும். விண்மீனே சிதறியது போலத் தொனிக்கிறது என்றால், "எக்ஸ் கதிர் வெடிப்பு" என்று முழுதாக எழுதலாம். விண்மீன் என்னவோ 3.2 நொடிக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

அடுத்து எஃப்ஆர்பி, அதாவது ஃபாஸ்ட் ரேடியோ பர்ஸ்ட்: விண்வெளியிலிருந்து வரும் மிகக் குறுகிய ரேடியோ அலைத் துடிப்பு. "வேக ரேடியோ வெடிப்பு" எனக்கு ஒட்டவில்லை. ரேடியோ அலை எல்லாமே ஒளி வேகத்தில்தான் போகிறது. இங்கே ஃபாஸ்ட் என்பது சில மில்லிநொடியில் முடிந்துவிடுவதைக் குறிக்கிறது. "தெறிப்பு" நல்ல சொல்தான், ஆனால் இலங்கைப் பாடநூல்களில் ஒளித்தெறிப்பு என்றால் பிரதிபலிப்பு. "ரேடியோக் கீற்று" எப்படி? தாழ்ந்த அதிர்வெண் பிந்தி வருவதால், நேரத்தையும் அதிர்வெண்ணையும் காட்டும் அலைப்பதிவுப் படத்திலும் அது வளைந்த கீற்றாகவே தெரியும்.

அதே ஏப்ரல் 28 அன்று கனடாவின் சைம், அமெரிக்காவின் ஸ்டேர்2 என்ற இரண்டு ரேடியோ தொலைநோக்கிகளும் இந்த மேக்னடாரிலிருந்து அப்படியொரு கீற்றைப் பிடித்தன. சைம் பதிவில் சுமார் 29 மில்லிநொடி இடைவெளியில் இரண்டு முகடுகள். இன்டக்ரல் முதலான விண்கலங்கள் அதே வேளையில் ஒரு எக்ஸ் கதிர் வெடிப்பைக் கண்டன. ஆனால் சீனாவின் ஃபாஸ்ட் என்ற பெயருடைய ரேடியோ தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருந்தபோது நிகழ்ந்த 29 வெடிப்புகளில் ஒன்றுடனும் கீற்று வரவில்லை.

இப்போது எழுதிப் பாருங்கள்: "கொந்தளிப்பின்போது வெடிப்புகள் பல, கீற்றுடன் வருவது அபூர்வம்." புரிகிறதா, இல்லையா?

மேக்னடாரை அப்படியே விட்டுவிடலாம். "காந்தமீன்" என்றால் சந்தையில் கிலோ என்ன விலை என்று கேட்பார்கள்.