பழைய குரூசருக்குப் பின்னால பெரிய டயர் போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

பீடோங் விராகோ:
நம்ம பக்கம் பழைய யமஹா விராகோ 250 குரூசர் மோட்டார் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் ஒரே ஆசைதான், பின்னால குண்டு டயர். கம்பெனி போட்டுக் குடுத்தது 130/90-15, அதாவது 130 எம்எம் அகலம், 15 இஞ்ச் ரிம், நான் 150/80-15 போடலாம்னு ஹார்வார்டு தோட்டத்துப் பக்கம் போமென் (மெக்கானிக்) வேல செய்ற ஒரு மாமாகிட்ட மோட்டார கொண்டு போனேன். டயர் எங்கடான்னாரு, இன்னும் வாங்கல மாமான்னேன், நல்லதாப் போச்சுன்னு அலன் கீ செட்ட, அதான் எம்எம் அளவுல வர்ற ஆறு மூலை சாவிங்கள, எடுத்துட்டு வர்றாரு, எனக்கு ஒன்னும் புரியல.

என்னையும் அவரு பையனையும் சீட்ல உக்கார வச்சுட்டு கீழ குனிஞ்சு டயருக்கும் செயினுக்கும் நடுவுல ஒவ்வொரு கீயா விட்டுப் பாக்குறாரு. கணக்கு என்னன்னா 130லேருந்து 150க்குப் போனா பக்கத்துக்கு 10 எம்எம் கூடும், அது போக டயர் ஓடுறப்ப அசையறதுக்கும் சூடாகி விரியறதுக்கும் 5 எம்எம்மாவது விடணும், ஆக 15. டிரம் பிரேக் கம்பி பக்கம் பெரிய கீயே சுளுவா பூந்துச்சு, செயின் பக்கம் 10 எம்எம் கீ போனதோட சரி, 12 மாட்டிக்கிச்சு. முடியாதுடா, 140/90 வேணா போட்டுக்க, ஆனா உசரத்தையும் பாக்கணும்னாரு.

இந்த உசரத்தத்தான் எவனும் பாக்க மாட்டேங்குறான். 90ன்னா அகலத்துல 90 சதவீதம் ஓரத்தோட உசரம், அகலம் கூடுனா அதுவும் சேர்ந்தே ஏறும். கணக்குப் போட்டா 130/90 மொத்தம் 615 எம்எம், 140/90 வந்து 633, பாக்க தடியா இருக்கற 150/80 வெறும் 621தான். அதாவது 140 போட்டா டயர் மட்கார்ட் கிட்ட 9 எம்எம் மேல வந்துரும், ஆள் ஏத்திக்கிட்டு குழியில எறங்குனா உரசும். மாமா மட்கார்டுக்கு உள்ள கைய விட்டுத் தடவுனாரு, ரெண்டு போல்ட்டு முனை நட்டத் தாண்டி துருத்திட்டு இருந்துச்சு, கழட்டி தலை உள்ள நட்டு வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டாரு. கடைசியா 140/90தான் போட்டோம். ஸ்போக் ரிம்னால டியூப்பும் 140க்கு உள்ளது, ஸ்போக் முனை டியூப்ப குத்தாம இருக்க போடற ரிம் டேப்பும் புதுசு.

ஓட்டி பாத்ததுல, நேர் ரோட்டுல ஒன்னும் பெருசா தெரியல. குனோங் ஜெராய் ஏறுற வளைவுலதான் மோட்டார் சாய கொஞ்சம் அடம் பிடிக்குது, முன்னால பென்சில் மாதிரி 3.00-18, வெறும் 3 இஞ்ச் அகலம், இருக்கு பாருங்க, பின்னால அகலமாக்குனா ரெண்டும் ஒத்துப் போகாது. ஏத்தத்துல லேசா சோம்பல். ஸ்பீட் மீட்டர் கேபிள் முன் வீல்லேருந்து வர்றதால அது மாறல. பாக்க அழகா இருக்கு, அது வாஸ்தவம்தான், ஆனா அழகுக்கு மட்டும்தான் சொல்லிட்டேன்.

பாடாங் செராய் ஜாகு:
அண்ணே உங்க மாமா மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம். என் அண்ணனோட மோடனாஸ் ஜாகு 175, நம்ம குரூண்ல செஞ்ச மோட்டார்தான், அதுக்கு ஒரு கடையில அளக்காமலே 150 மாட்டிட்டானுங்க, செயின் உரசுதுன்னு போய்ச் சொன்னா பின் ஸ்ப்ரோக்கெட்டுக்கு (செயின் ஓடுற பல்சக்கரம்) அடியில வாஷர் வச்சுத் தள்ளி விட்டானுங்க, முன்னால உள்ள சின்ன ஸ்ப்ரோக்கெட்ட தொடவே இல்ல. செயின் கோணலா ஓடி பல்லு ஒரு பக்கமா தேஞ்சு போச்சு, அப்புறம் செயின், ஸ்ப்ரோக்கெட் எல்லாம் புதுசு வாங்க வேண்டியதாச்சு, டயர் வெலய விட அதுக்குத்தான் வெள்ளி கூட.

ஷாஃப்ட்காரன்:
செயின் வண்டியாவது பரவால்ல தம்பி, கொஞ்சம் நகத்தலாம், அப்பவும் முன்னையும் பின்னையும் ஒரே அளவு நகத்தணும், முன் ஸ்ப்ரோக்கெட்ட ரொம்பத் தள்ளுனா இஞ்சின் ஷாஃப்ட் பேரிங்குக்கு ஆகாது. என்னோடது விராகோ 535, ஷாஃப்ட் டிரைவ், செயினுக்குப் பதிலா இரும்புத் தண்டுதான் வீல சுத்தும், அத எங்க நகத்துறது? கம்பெனியே 140/90-15 குடுத்துருக்கான், அதோட நான் நிறுத்திக்கிட்டேன்.

புது ஆளு:
அண்ணே ஒரு சந்தேகம், சுங்கை பட்டாணில ஒருத்தர் பழைய குரூசருக்கு கார் டயர் போட்டு ஓட்டுறத பாத்தேன், மலிவா இருக்கும் போலயே, நாமளும் போடலாமா?

பீடோங் விராகோ:
வேணாம் தம்பி. கார் டயர் தலை தட்டையா இருக்கும், மோட்டார் சாஞ்சா ஓரத்துல நிக்கும், ரிம்முல உக்கார்ற பீடும் மோட்டார் ரிம்முக்குன்னு செஞ்சது இல்ல. செகண்ட் டயர் வாங்கறதா இருந்தாலும் ஓரத்துல உள்ள நாலு நம்பர பாத்து வாங்கு, 2219ன்னு இருந்தா 2019ல 22வது வாரம் செஞ்சது. அளவுக்குப் பக்கத்துல 66ன்னு போட்டிருந்தா 300 கிலோ வரைக்கும் தாங்கும், அதுக்குக் கீழ உள்ளத எடுக்காத, நீயும் வீட்டுக்காரியும் உக்காந்து கேஸ் தோம்பையும் ஏத்திட்டு வர்ற ஆளு வேற. ரிம் அகலமும் ரிம்முலயே அடிச்சிருப்பான், மொதல்ல அத பாத்து படம் எடுத்து இங்க போடு, எந்த டயர்னு அப்புறம் பேசுவோம்.